சுண்ணாம்பு சுட்ட இடம்

தேத்தண்ணியைக் குடியுங்கள் ஷிஃபானா, ஆறிவிடும். சீனி குறைவென்றால் சொல்லுங்கள், குசினி பக்கத்தில்தான். கொஞ்சம் மெதுவாகக் கதைப்போம். உள்ளறையில் கௌசிகாவும் பிள்ளையும் இப்போதுதான் கண்ணயர்ந்தார்கள். பிள்ளை எழும்பி அழத் தொடங்கினால் இந்த உவர்மலை முழுக்கக் கேட்கும், கீழே துறைமுகத்தில் நிற்கிற கப்பலுக்கும் கேட்கும். அப்படி ஒரு தொண்டை அவனுக்கு.

நான் பாக்குச் சீவிக்கொண்டே கதைக்கிறேன், குறை நினைக்காதீர்கள். கை சும்மா இருந்தால் எனக்குக் கதை வராது. இந்தப் பாக்குவெட்டி அக்காவுடையது. பிடி தேய்ந்துவிட்டது, வெட்டு இன்னும் நன்றாக இருக்கிறது.

பிள்ளை பார்க்க வந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "மிஸ், அண்டைக்குச் சல்லி முகாமில உங்களுக்கு விளங்கினதா, விளங்கேல்லயா?" கேட்டுவிட்டு நீங்களே முகம் வெளிறிப்போய் இருக்கிறீர்கள். அதற்கு அவசியமில்லை. வகுப்பிலும் கடைசி வாங்கில் இருந்துகொண்டு இப்படித்தான் கேட்பீர்கள், எனக்கு அது பிடிக்கும். பதில் சொல்கிறேன். படிப்பித்துப் பழகிய வாய் என்பதால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஓடும்.

தாதியர் பாடசாலையில் நான் வருடா வருடம் படிப்பிப்பது ஒரே பாடம். கட்டிகளின் வகைகள், அவற்றை உண்டாக்கும் பொருட்கள். தீங்கில்லாத கட்டி தன் வேலிக்குள் இருக்கும். எவ்வளவு பெருத்தாலும் பக்கத்து வளவைத் தள்ளுமே தவிர உள்ளே நுழையாது. கெட்ட கட்டிக்கு வேலி கிடையாது. அடுத்தவன் வளவுக்குள் வேர் விடும், இரத்தத்தில் ஏறித் தூரத்திலும் போய்க் குடியிருக்கும். இதைச் சொன்னதும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை தன் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துச் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அடுத்து உண்டாக்கும் பொருட்கள். ஒன்று தொடக்கி வைக்கும், இன்னொன்று வளர்த்து விடும். தொடக்கி வைத்தது கலத்துக்குள் அழியாமல் கிடக்கும். வளர்த்து விடுவது அப்படியல்ல, அது திரும்பத் திரும்ப வர வேண்டும். இடையில் நிறுத்தினால் சில நேரம் எல்லாம் அடங்கியும் போகும். பிறகு வெற்றிலைக்கு வருவேன். அப்போதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் வாய் சிவந்த ஒருவர் இருக்கிறார். "புகையிலைதானே மிஸ் கூடாது, வெறும் பாக்கு செமிபாட்டுக்கு நல்லதுதானே" என்று கேட்பார்கள். இல்லை பிள்ளைகளே, பாக்கு தனியே போதும், அதற்குத் துணை தேவையில்லை என்பேன். பரீட்சையில் சரியாக எழுதுவார்கள், நம்ப மாட்டார்கள்.

இனி கௌசிகா. அவளைப் பெற்றது நான் என்பது உங்களுக்குத் தெரியும், சல்லி ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒளித்து வைத்த கதை அல்ல. அவள் கைக்குழந்தையாக இருக்கும்போது அவளுடைய தகப்பன் வெளிநாட்டுக்கென்று புறப்பட்டுப் போனார். போனவர் போனவர்தான். எனக்குத் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கையில் பிள்ளையோடு விடுதியில் இருக்க ஏலாது. அக்கா அன்னலட்சுமிக்குப் பிள்ளையில்லை. அத்தான் சோமசேகரம் சீனன்குடா எண்ணெய்ச் சேமிப்புக் குதங்களில் நிரந்தர வேலையில் இருந்தார், வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. "படிச்சு முடிச்சிட்டு வந்து தூக்கிக்கொண்டு போ" என்று அக்காதான் சொன்னாள். கொடுத்தேன். பிள்ளையில்லாத உடன்பிறப்புக்குப் பிள்ளை கொடுப்பது எங்களுக்குள் புதிதல்ல.

படிப்பு முடிந்து வந்தபோது கௌசிகா அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். "சித்தி வந்திருக்கிறா, வா" என்றாள் அக்கா. சித்தி என்று சொல்லிக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள், பள்ளிக்கூடம் சேர்க்கட்டும், பெரிய பிள்ளையாகட்டும் என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. விவரம் தெரிந்த பிறகு கௌசிகாவே வாய்ப்பாடு மாதிரிச் சொல்வாள், "பெத்தது சித்தி, வளர்த்தது அம்மா" என்று. கேட்பவர்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். நான் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்குவேன்.

அக்கா கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். என் மீது உயிரையே வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பல்தீவுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி நான் சல்லிக்குப் போவேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா காலை நீட்டிக்கொண்டு, "மடிச்சுத் தா சிவா, நீ மடிச்சாத்தான் வெத்திலை வெத்திலை மாதிரி இருக்கும்" என்பாள். நான் மடித்துக் கொடுப்பேன். அத்தான் இறந்த பிறகு அவளுக்கு வெற்றிலை கூடிவிட்டது. அது நான் தொடக்கி வைத்ததல்ல. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த வாய்ப் பரிசோதனை முகாமுக்கு உங்களையெல்லாம் கூட்டிப்போன காலையில், நான் முதலில் அக்கா வீட்டுக்குப் போனேன். கௌசிகாவுக்குக் கலியாணம் முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா பின்னறையை ஒதுக்கி, வெள்ளையடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டிருந்தாள். யன்னலுக்குக் கொசு வலையும் அடித்திருந்தாள்.

"இதென்னக்கா?"

"முதல் பிள்ளைப்பேறு தாய் வீட்டிலதானே. மருமகன் கட்டாருக்குப் போயிடுவார். இப்பவே செய்து வைச்சா நல்லது. நீயும் லீவு போட்டுட்டு வந்து நில்லு சிவா, பத்தியச் சரக்கு அரைக்க ஒரு ஆள் வேணும்."

தாய் வீடு என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். குத்திக் காட்டவில்லை. அவள் வாயில் அது இயல்பாக வந்தது. குத்திக் காட்டியிருந்தால் ஒருவேளை நான் மன்னித்திருப்பேன். கௌசிகா கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை தவறவிட்டேன். அவளுடைய பிள்ளை என் வீட்டில் என் கையில் பிறக்கட்டும், அவள் என் முகத்தைப் பார்த்து எழும்பட்டும் என்று எத்தனையோ வருடமாக ஆசைப்பட்டிருந்தேன். எனக்கு வேறு ஆசை கிடையாது. அந்த மெத்தையைப் பார்த்ததும் அதுவும் முடிந்தது என்று விளங்கியது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட மண்டபம், கையில் டோச் லைட், நாக்கை விலக்கிப் பிடிக்கும் மரத் தகடு. சனம் வரிசையில் நின்றது, கருவாட்டு மணம் காற்றில் வந்துகொண்டிருந்தது. அக்கா சிரித்துக்கொண்டு வந்து உங்கள் முன்னால் இருந்த கதிரையில் இருந்தாள். நீங்கள் அவளுடைய இடது கன்னத்தை விலக்கி இரண்டு தரம் பார்த்தீர்கள். பிறகு, "மிஸ், இஞ்ச ஒருக்கா வாங்கோ" என்றீர்கள்.

வந்து பார்த்தேன். கன்னத்தின் உட்பக்கம், பல்வரிசையின் கடைசியில், வெள்ளைத் திட்டு ஒன்று. வெள்ளை மட்டும் என்றால் வெற்றிலையை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் பார்த்திருக்கலாம். அதற்குள் சிவப்பு புள்ளி புள்ளியாக இருந்தது. வெல்வெட் துணி மாதிரியான சிவப்பு. வெள்ளைக்குள் சிவப்பைக் கண்டால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அனுப்புங்கள் என்று உங்களுக்குப் படிப்பித்தவள் நான். நீங்கள் மறக்கவில்லை. அதனால்தான் என்னைக் கூப்பிட்டீர்கள்.

அக்கா வாயைத் திறந்தபடி கண்ணால் என்னைத்தான் பார்த்தாள். தகட்டை எடுத்ததும் கேட்டாள்.

"என்ன சிவா, என்ன கண்டனீ?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வரிசையில் நின்ற பெண்களும் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கும் வரைக்கும் எனக்கே தெரியாது நான் என்ன சொல்லப் போகிறேன் என்று. அப்படித்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"சுண்ணாம்பு சுட்டிருக்கு அக்கா. கொஞ்சம் குறைச்சுப் பூசுங்கோ."

"மிஸ், சிவப்பும் கிடக்குது" என்றீர்கள் மெல்ல.

"வெத்திலை போடுற வாயில சிவப்பில்லாம பச்சையா கிடக்கும் ஷிஃபானா? சுண்ணாம்பு சுட்டதை முந்திக் கண்டதில்லயா? அடுத்த ஆளைப் பாருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும்தான். நீங்கள் டோச் லைட்டைத் தாழ்த்திக்கொண்டீர்கள். சுண்ணாம்பு வாயைச் சுடுவது பொய்யல்ல. எங்கள் சனம் கன்னத்தில் எது வந்தாலும் முதலில் சுண்ணாம்பைத்தான் சொல்லும். நான் சொல்லாவிட்டாலும் அக்காவே அப்படித்தான் நினைத்திருப்பாள்.

தேத்தண்ணியை வைத்துவிட்டீர்களே. வேறு போடவா? சரி.

அன்றைக்கு என் கணக்கு மிகவும் சின்னது. அக்கா சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கௌசிகா பிள்ளை பெறும் நேரம் அக்காவுக்குக் கொஞ்சம் ஏலாமல் இருந்தால் போதும். ஆஸ்பத்திரி, சத்திரசிகிச்சை, ஓய்வு என்று சில மாதம். வேறு வழியில்லாமல் கௌசிகா என் வீட்டுக்கு வருவாள். பிறகு அக்கா தேறிவிடுவாள். எப்போது அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவள் நான்தானே, நேரம் பார்த்து அனுப்பிவிடலாம் என்று எண்ணினேன்.

ஆனால் உங்கள் முகம் என் கணக்கைக் குழப்பியது. அன்று பின்னேரமே அக்கா, "அந்தப் பிள்ளையின்ட முகம் சரியில்லயே சிவா" என்றாள். அடுத்த ஞாயிறு போனபோது வெற்றிலைத் தட்டம் கவிழ்த்து வைத்திருந்தது. விட்டுவிட்டாளாம். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து மென்றவள், மாரி முழுக்கத் தொடவில்லை. வாய் கொப்பளித்து, பழம் தின்று, கோயிலுக்கு நேர்ந்து வைத்தும் இருந்தாள். நான் ஒவ்வொரு கிழமையும் கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். சிவப்பு மங்கத் தொடங்கியிருந்தது. வெள்ளையும் மெலிந்து வந்தது.

அதைக் கண்டபோது எனக்குப் பயம் பிடித்தது. உங்களிடம் எதையும் மறைக்கப் போவதில்லை, அதனால் இதையும் சொல்கிறேன். அக்காவின் வாய் குணமாகி வருவதைக் கண்டு நான் பயந்தேன்.

தை பிறந்ததும் நல்ல யாழ்ப்பாணப் புகையிலை வாங்கிக்கொண்டு போனேன். தளிர் வெற்றிலை, புதுப் பாக்கு, சிப்பிச் சுண்ணாம்பு. அக்கா வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"வேண்டாம் சிவா, கௌசி ஏசுவாள். சத்தியம் வாங்கிப் போட்டாள்."

"தை பிறந்த நாளில என்ட கையால தாறன், வேண்டாம் எண்டுறீங்களே. நான் படிப்பிக்கிறதே இதைத்தான் அக்கா. பயமெண்டா நான் தருவனா?"

மடித்து நானே அவள் வாயில் வைத்தேன். மென்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு, அவ்வளவு சந்தோசம். "நீ டொக்டருக்குப் படிச்சிருக்க வேணும்" என்றாள். அடுத்த ஞாயிறு தட்டம் நிமிர்ந்திருந்தது. பிறகு நான் ஞாயிறுகளில் மட்டுமல்ல, பள்ளி விட்டு நேரம் கிடைத்தால் மற்ற நாட்களிலும் போனேன். என்னைவிடப் பாசமான தங்கை சல்லியில் இல்லை என்று கோயிலடியில் பேசிக்கொண்டார்களாம்.

சிவப்பு திரும்பி வந்தது. பிறகு புண். காரம் தின்ன ஏலாது என்றாள். வாய்ப்புண்ணுக்குத் தருகிற மஞ்சள் விற்றமின் குளிசை வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவமா என்று அவளே கேட்டாள். "போய் வரிசையில நிண்டு களைக்க வேண்டாம் அக்கா, நான் பெரிய டொக்டரிட்டக் கதைச்சு வைச்சிருக்கிறன், வரச் சொல்லேக்க போவம்" என்றேன். நான் யாரிடமும் கதைக்கவில்லை. அந்த நாட்களில்தான் கௌசிகாவிடமிருந்து செய்தி வந்தது, பிள்ளை தங்கியிருக்கிறது என்று. அக்கா தலைமாட்டில் இருந்த அம்மன் படத்துக்கு விளக்கேற்றினாள். இனிக் கொஞ்ச நாள்தான், பிறகு அனுப்பிவிடலாம் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். கழுத்தில் கழலை திரண்ட பிறகுதான் கூட்டிப்போனேன்.

இழையத்தை வெட்டி அனுப்பினார்கள். பதில் வந்தபோது வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம்தான் தந்தார்கள், வீட்டில் படித்தவள் நான்தானே. தட்டைக் கலப் புற்றுநோய். வேலி தாண்டியாயிற்று, நிணநீர்க் கணுவுக்கும் போயாயிற்று. அதைப் படித்த கணத்தில் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? சல்லியில் டோச் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்து நான் நினைத்தது பிழையாகவில்லை என்பதுதான். பெருமையாக இருந்தது. அழுகை பிறகுதான் வந்தது. அழுதது உண்மை, நடிக்கவில்லை.

கதிர்ச் சிகிச்சைக்கு மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தோம். கடைசியில் நீங்கள் வேலை செய்கிற வார்டுக்கு வந்தாள். நீங்கள்தான் பார்த்தீர்கள், நன்றாகப் பார்த்தீர்கள், அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அங்கே அக்கா உங்களை அடையாளம் கண்டு, கஷ்டப்பட்டு ஒன்று சொன்னாளாம். சற்று முன் நீங்கள்தான் சொன்னீர்கள். "என்ட தங்கச்சி பிழை விடமாட்டாள் பிள்ளை. அண்டைக்கு இருந்தது சுண்ணாம்பு சுட்டதுதான். இது பிறகு வந்தது." கடைசிவரைக்கும் என்னை நம்பினாள். அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருக்கிறது. நீங்கள் ஏன் அதைச் சொல்லும்போது அழுதீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

என்னிடமும் கடைசியாக அவள் சொன்னது ஒன்றுதான். "கௌசியை உன்ட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. இனி நீ பார்." அவளாகவே கொடுத்தாள். நான் பறிக்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ஓம். விளங்கியது. நீங்கள் கண்டதை நானும் கண்டேன், உங்களைவிடத் தெளிவாகவே கண்டேன். அன்றைக்கே அனுப்பியிருந்தால் கன்னத்தில் ஒரு தழும்போடு அக்கா இன்றைக்கு இந்தக் கதிரையில் இருந்து பேரனுக்குத் தாலாட்டுப் பாடியிருப்பாள். ஆனால் பாடத்தின்படி பாருங்கள். தொடக்கி வைத்தது நானல்ல, பாக்கு. நான் வளர்த்துவிட்டேன், அவ்வளவுதான். இந்த வீட்டில் வளர்த்தவளுக்குத்தானே எப்போதும் முதல் மரியாதை.

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். பொலிஸில் சொன்னால், அக்காவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள் என்று முறைப்பாடு எழுத வேண்டியிருக்கும். கௌசிகாவிடம் மட்டும் இப்போது வேண்டாம். பால் கொடுக்கிறவள், மனம் நொந்தால் பால் வற்றிவிடும். அதுவும் போக, இப்போதுதான் அவள் என்னோடு ஒட்டத் தொடங்கியிருக்கிறாள். வந்த புதிதில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். பத்தியச் சோறு தொண்டையில் இறங்காது. ஒருநாள், "அம்மா இருந்தா சாப்பிட்ட கையோட வெத்திலை மடிச்சுத் தந்திருப்பா சித்தி. பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்க வேணுமெண்டு சொல்லிக்கொண்டே இருந்தவ" என்று அழுதாள். அம்மாவின் வாய் மணக்கிற மாதிரி மணக்க வேண்டுமாம். நோய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். புகையிலையால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் திருத்தவில்லை. தட்டத்தை எடுத்துத் துடைத்தேன். முதல் நாள் துப்பிவிட்டாள். இரண்டாம் நாள் மென்றாள். இப்போது அவளாகவே கேட்கிறாள். நேற்று என் கையிலிருந்து வாங்கி, கண்ணை மூடி மென்றுகொண்டு, "அம்மா" என்றாள். யாரை நினைத்துச் சொன்னாள் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த அறையில் நான்தான் இருந்தேன். என்னைத்தான் கூப்பிட்டாள்.

கேட்கிறதா, எழும்பிவிட்டாள்.

"சித்தி, வெத்திலை மடிச்சாச்சா?"

"ஓம் பிள்ளை, கொண்டு வாறன்."

கொஞ்சம் விலகுங்கள் ஷிஃபானா, வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் அவளைப் பெற்றவள், அவளுக்குக் கெடுதல் செய்வேனா? புகையிலை வைக்கவில்லை. வெறும் பாக்குத்தான்.